காலரா கற்றுக் கொடுத்த நுண்ணுயிரியல்



நுண்ணுயிரியலின் அடிப்படைக் கருத்துகளைப் பற்றி, வேறு துறை மாணவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். அடிப்படைக் கருத்துகள் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது வினாத்தாள்தான். தூய வளர்ப்பு என்றால் என்ன? இரண்டு மதிப்பெண். காக்கின் கோட்பாடுகளைக் கூறுக. ஐந்து மதிப்பெண். ராத்திரி முழுக்க உருப்போட்டு, காலையில் எழுதிவிட்டு, சாயங்காலம் மறந்து விடுவோம்.

ஏன் மறக்கிறது? வரையறை என்பது ஒரு விடை. அது எந்தக் கேள்விக்கு விடை என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. கேள்வி தெரியாமல் விடையை மட்டும் எத்தனை நாளைக்கு மனதில் சுமக்க முடியும்?

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு நோயை எடுத்துக் கொள்கிறேன். காலரா. நம் பாட்டிமார்கள் வாந்திபேதி என்றும் கக்கல் கழிச்சல் என்றும் பயந்து பயந்து சொன்ன அதே நோய்தான். நுண்ணுயிரியலின் பல முக்கியக் கருத்துகள் இந்த நோயை நடுவில் வைத்து மனிதர்கள் போட்ட சண்டையில் உரசிப் பார்க்கப்பட்டவை. அந்தச் சண்டை தெரிந்தால் வரையறை தானாகவே மனதில் நிற்கும்.

கெட்ட காற்றா, கெட்ட தண்ணீரா?

1817-ல் வங்காளத்தில் ஜெஸ்ஸோர் பகுதியில் பெரிய அளவில் கிளம்பிய காலரா, அதற்குப் பிறகு கப்பலிலும் வண்டியிலும் ஏறி உலகத்தைச் சுற்ற ஆரம்பித்தது. 1830-களில் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது. காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் இறந்து போவார். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வயிற்றுப்போக்கு. கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி விழுந்து போகும்.

காரணம் என்ன என்று கேட்டால் அன்றைய பெரிய டாக்டர்கள் பெரும்பாலோர் சொன்ன பதில்: கெட்ட காற்று. சாக்கடையிலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் எழுகிற நாற்றக் காற்றுதான் நோயைக் கொண்டு வருகிறது என்று நம்பினார்கள். இதை முட்டாள்தனம் என்று சிரித்துவிடக் கூடாது. நாற்றமுள்ள இடங்களில்தான் நோயும் அதிகம் இருந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருப்பதாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. முதல் பாடம் இதுதான்.

லண்டனில் ஜான் ஸ்னோ என்றொரு டாக்டர் இருந்தார். மயக்க மருந்து கொடுப்பதில் பெயர் பெற்றவர். காலரா தண்ணீர் வழியாகத்தான் பரவுகிறது என்று 1849-லேயே எழுதினார். 1854-ல் சோஹோ பகுதியில் பிராட் தெருவில் இருந்த அடிபம்பைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகச் சாவு விழுந்தபோது வீடு வீடாக விசாரித்தார். செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. இந்தக் கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியதால் அதற்குள் நோய் தணிய ஆரம்பித்திருந்தது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவருடைய பலமான சாட்சி வேறு. லண்டனின் தெற்குப் பகுதியில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருவிலே குழாய் போட்டுத் தண்ணீர் விற்றன. பக்கத்து வீட்டுக்கு ஒரு கம்பெனி, இந்த வீட்டுக்கு இன்னொரு கம்பெனி. காற்று ஒன்றுதான், நாற்றமும் ஒன்றுதான், ஏழை பணக்காரர் வித்தியாசமும் பெரிதாக இல்லை. லாம்பெத் கம்பெனி 1852-ல் தேம்ஸ் ஆற்றின் மேற்புறம், நகரத்துக் கழிவு சேராத இடத்துக்குத் தன் நீரேற்றும் இடத்தை மாற்றிவிட்டது. சதர்க் வாக்ஸ்ஹால் கம்பெனியோ கழிவு கலந்த இடத்திலேயே எடுத்துக் கொண்டிருந்தது. 1854-ல் ஸ்னோ கணக்குப் போட்டார். கழிவு கலந்த தண்ணீர் குடித்தவர்களில் 10,000 வீடுகளுக்கு 315 சாவு. நல்ல தண்ணீர் குடித்தவர்களில் 10,000 வீடுகளுக்கு 37 சாவு.

செய்முறைத் தேர்வில் "கன்ட்ரோல் எங்கே?" என்று எக்ஸாமினர் கேட்கும்போது நாம் முழிப்போமே, அந்தக் கன்ட்ரோல் இதுதான். மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக் கொண்டு, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ஸ்னோவிடம் கிருமியைக் காட்ட வழியில்லை. எண்ணி ஒப்பிட்டே பாதி உண்மையைப் பிடித்துவிட்டார்.

பார்த்தால் போதுமா?

அதே 1854-ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பிலிப்போ பாசினி என்ற உடற்கூறு அறிஞர், காலராவில் இறந்தவர்களின் குடலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். கோடிக்கணக்கில் துடிதுடிக்கும் சின்ன உயிர்கள். அதற்கு விப்ரியோ என்று பெயர் வைத்து, இதுதான் நோய்க்குக் காரணம் என்று எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. அவர் இறந்து வெகு காலம் கழித்து, 1965-ல்தான் அந்தக் கிருமியின் அதிகாரபூர்வப் பெயருடன் பாசினியின் பெயரும் 1854 என்ற ஆண்டும் சேர்க்கப்பட்டன.

ஏன் அன்றைக்கு ஏற்கவில்லை? உண்மையிலேயே ஒரு சிக்கல் இருந்தது. மனிதக் குடலில் ஆரோக்கிய காலத்திலேயே எத்தனையோ கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றின் நடுவே ஒன்றைக் காட்டி, "இதோ குற்றவாளி" என்றால் எப்படி நம்புவது? திருவிழாக் கூட்டத்தில் பிக்பாக்கெட் அடித்தவன் ஒருத்தன். பக்கத்தில் நின்றவர்கள் ஆயிரம் பேர். நின்றான் என்பதற்காகப் பிடித்துவிட முடியுமா? கிருமி நோய்க்குக் காரணமா, அல்லது நோய் வந்ததால் கிருமி பெருகியதா? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் தூய வளர்ப்பு வந்தது.

உருளைக்கிழங்கிலிருந்து அகாருக்கு

ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் காக் கிராமப்புற டாக்டராக இருந்தபோதே 1876-ல் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வாழ்க்கைச் சுற்றை வெளியிட்டவர். கலந்து கிடக்கும் பாக்டீரியாக்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம். திரவத்தில் வளர்த்தால் எல்லாம் கலந்துவிடும். ஆனால் வெட்டி வைத்த வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் தனித்தனிப் புள்ளிகளாக வளர்வதைக் கவனித்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலனி. ஒரே ஒரு செல் அசையாமல் இருந்த இடத்திலேயே பெருகி உண்டானது. ஆகவே அதில் உள்ள அத்தனையும் ஒரே வம்சம். தூய வளர்ப்பு என்பதன் அர்த்தம் இவ்வளவுதான்.

உருளைக்கிழங்கில் எல்லாக் கிருமியும் வளராது. பிறகு ஜெலட்டின் வந்தது. அது வெயில் காலத்தில் உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதையே தின்று கரைத்துவிடும். அப்போது காக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்ட்டர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, ஜெல்லி செய்யத் தன் சமையலறையில் உபயோகித்த கடல்பாசிப் பொருளைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதுதான் அகார். கொதிக்கிற சூட்டில்தான் உருகும். உருகினது 40 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் வந்தால்தான் உறையும். இன்குபேட்டரில் 37 டிகிரியில் வைத்தாலும் கெட்டியாக நிற்கும். 1887-ல் ரிச்சர்ட் பெட்ரி மூடியுள்ள கண்ணாடித் தட்டைக் கொண்டு வந்தார். பெட்ரியின் பெயர் உலகமெங்கும் தட்டோடு நிலைத்துவிட்டது. அந்த அம்மாவின் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்? இனி அகார் ஊற்றும்போது ஒரு தடவையாவது நினைத்துக் கொள்ளுங்கள்.

1883-ல் எகிப்தில் காலரா வந்தபோது ஜெர்மனியிலிருந்து காக் குழுவும், பிரான்சிலிருந்து லூயி பாஸ்டர் அனுப்பிய குழுவும் அலெக்சாண்ட்ரியாவுக்குப் போயின. இரண்டு நாட்டுக்கும் ஆகாது. போட்டி கடுமை. பிரெஞ்சுக் குழுவிலிருந்த லூயி துயில்லியே என்ற இளைஞர் அங்கேயே காலராவுக்குப் பலியானார். வயது முப்பதுகூட ஆகவில்லை. எதிரணியான காக் குழுவினர் சவ அடக்கத்தில் கலந்துகொண்டு மலர் வளையம் வைத்தார்கள். பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இந்த மாதிரி ஒரு உயிர் இருக்கக்கூடும் என்பது மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

எகிப்தில் நோய் அடங்கவே, காக் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். 1883 டிசம்பரில் வந்து சேர்ந்தார். 1884 ஜனவரியில் அந்தக் கிருமியைத் தூய வளர்ப்பில் பிரித்துவிட்டதாக அரசாங்கத்துக்கு எழுதினார். பிப்ரவரியில் அது நேராக இல்லாமல் காற்புள்ளி போல வளைந்திருக்கிறது என்று விவரித்தார். காலரா நோயாளிகளிடம் அது இருந்தது. வேறு வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் இல்லை. காலரா கண்ட ஒரு குடியிருப்பின் குளத்துத் தண்ணீரிலும் அதைக் கண்டுபிடித்தார். ஸ்னோவின் கணக்கும் பாசினியின் காட்சியும் ஒன்று சேர்ந்தன.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் தன் சாய முறையை வெளியிட்டதும் அதே 1884-ல்தான். நம் மாணவர்கள் இன்றைக்கும் ஸ்லைடில் போடும் கிராம் ஸ்டெயின். அதில் காலராக் கிருமி சிவப்பாகத் தெரியும். அதாவது கிராம் நெகட்டிவ்.

நிறைவேறாமல் நின்ற நிபந்தனை

இப்போது காக்கின் கோட்பாடுகளைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒன்று, நோயுள்ள ஒவ்வொருவரிடமும் கிருமி இருக்க வேண்டும். இரண்டு, அதைத் தூய வளர்ப்பாகப் பிரிக்க வேண்டும். மூன்று, அதை ஆரோக்கியமான உயிரினத்துக்குச் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். நான்கு, அதிலிருந்து அதே கிருமியைத் திரும்பப் பிரிக்க வேண்டும். வெறும் மனப்பாடமாக இருந்தது இப்போது ஒரு வழக்கு விசாரணை மாதிரித் தெரிகிறது, இல்லையா?

வேடிக்கை என்னவென்றால், காலராவில் காக்கே மூன்றாவது நிபந்தனையை நிறைவேற்ற முடியவில்லை. எந்தப் பிராணிக்குக் கொடுத்துப் பார்த்தும் மனிதருக்கு வருவது போன்ற காலரா வரவில்லை. முதல் நிபந்தனையிலும் ஒரு கீறல் விழுந்தது. நோய் எதுவும் இல்லாத ஆட்களின் மலத்திலும் கிருமி இருப்பது 1892-ஐ ஒட்டிய ஹாம்பர்க் கொள்ளை நோய்க்குப் பிறகு தெரிய வந்தது. இவர்களைத்தான் நோய் தாங்கிகள் என்கிறோம்.

இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தவர் மியூனிக் நகரத்து மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். சாதாரண ஆள் இல்லை. நகரச் சுகாதாரத்தை ஒரு விஞ்ஞானமாகவே வளர்த்த பெரியவர். கிருமி மட்டும் போதாது, மண்ணும் சூழ்நிலையும் சேர்ந்தால்தான் நோய் வரும் என்பது அவர் கட்சி. 1892 அக்டோபர் 7-ஆம் தேதி, 73 வயதில், காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை எல்லார் முன்னிலையிலும் குடித்தே விட்டார்! வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சாக்குச் சொல்லக் கூடாதென்று, கூடவே சோடா உப்பும் கரைத்துக் குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். அவருடைய சீடர் எம்மரிக்கும் அதேபோல் குடித்தார்; அவருக்குக் கொஞ்சம் கடுமையாகவே வந்தது. ஆனாலும் பிழைத்துக் கொண்டார்.

பெட்டன்கோஃபர் ஜெயித்தாரா? இல்லை. அந்த வருஷமே ஹாம்பர்க் நகரத்தில் 8,600-க்கும் மேற்பட்டோர் காலராவில் மாண்டார்கள். எல்பே ஆற்றுத் தண்ணீரை அந்த நகரம் வடிகட்டாமலே குடித்தது. ஒட்டினாற்போல் இருந்த அல்டோனா நகரமோ ஹாம்பர்க்கின் கழிவும் கலந்து வரும் தண்ணீரைத்தான் எடுத்தது. ஆனால் மணல் வடிகட்டி வழியாக விட்டுக் குடித்தது. அங்கே நோய் மிகக் குறைவு. மண்ணும் காற்றும் ஒன்றே. தண்ணீர் மட்டும் வேறு. மறுபடியும் கன்ட்ரோல்!

இருந்தாலும் பெட்டன்கோஃபர் சொன்னதில் ஒரு பகுதி சரி. கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எத்தனை கிருமி போனது, வயிற்றில் அமிலம் எவ்வளவு, உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உண்டா, சத்தான சாப்பாடு உண்டா என்பதெல்லாம் சேர்ந்தே முடிவாகிறது. கிருமி, ஓம்புயிரி, சூழல் என்று மூன்று முனைகளைப் போட்டு முக்கோணம் வரைகிறோமே, அதில் இரண்டு முனைகளுக்கு இந்தக் கிழவரின் பிடிவாதமும் ஒரு காரணம்.

முயல் குடலில் கிடைத்த விடை

கிருமி ரத்தத்தில் நுழைவதில்லை. குடலின் சுவரைத் துளைப்பதும் இல்லை. அப்படியென்றால் ஆளைக் கொல்வது எது? கிருமி ஏதோ ஒரு நச்சை வெளிவிடுகிறது என்று காக் 1884-லேயே ஊகித்தார். அதை நிரூபிக்க முக்கால் நூற்றாண்டு பிடித்தது. நிரூபித்தவர் நம் நாட்டுக்காரர்.

சம்பு நாத் டே 1915-ல் மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். லண்டனில் நோய்க்குறியியலில் டாக்டர் பட்டம் பெற்றுக் கல்கத்தாவுக்குத் திரும்பினார். மற்றவர்கள் கிருமியைப் பிராணிகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். பிராணி சாகும், ஆனால் வயிற்றுப்போக்கு வராது. டே வேறு மாதிரி யோசித்தார். நோய் நடக்கிற இடம் குடல். அங்கேயே பார்த்தால் என்ன? முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அந்தப் பைக்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். பை நீர் கோத்து ஊதியது. காலராவின் தண்ணீர் இழப்பை ஒரு விரற்கடை குடலில் கண்முன்னே காட்டிவிட்டார். இது 1953.

1959-ல் அடுத்த படி. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டிக் கிருமியே இல்லாமல் செய்து, வெறும் திரவத்தை மட்டும் குடல் பைக்குள் விட்டார். அப்போதும் நீர் கோத்தது. ஆக, வேலையைச் செய்வது கிருமி வெளியேவிடும் ஒரு பொருள். அதுதான் என்டெரோடாக்சின் எனப்படும் குடல் நச்சு. நேச்சர் இதழில் வந்த சின்னக் கட்டுரைதான். அதற்குத் தேவைப்பட்டவை முயல், நூல், வடிகட்டி, கூடவே ஒரு தெளிவான கேள்வி. பெரிய பெரிய மெஷின் எதுவும் தேவைப்படவில்லை.

கௌரவம் கிடைத்ததா என்றால், உயிரோடு இருந்தபோது நம் நாட்டில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு ஸ்டாக்ஹோமுக்கு அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். 1985-ல் டே காலமானார். 1990-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழ் அவருக்கென்று ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. கல்லூரியில் வசதி இல்லை, கருவி இல்லை என்று மனம் தளர்கிற ஒவ்வொரு மாணவரும் இந்த மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னாளில் அந்த நச்சு எப்படி வேலை செய்கிறது என்பதும் விளங்கியது. குடல் செல்லுக்குள் நுழைந்து, உப்பையும் நீரையும் வெளிவிடுகிற பாதையை மூட முடியாதபடி திறந்து வைத்துவிடுகிறது. கைப்பிடி உடைந்த தெருக்குழாய் மாதிரி கொட்டிக்கொண்டே இருக்கும். கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகலாம். சாவது தண்ணீரும் உப்பும் வற்றிப் போவதால்தான்.

அறிவு மருந்தாக மாறியது

கொட்டுகிற வழி திறந்திருக்கிறது, உறிஞ்சுகிற வழி? அது கெடவில்லை. குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகக் கைகோத்துத்தான் குடல் செல்லுக்குள் போகின்றன என்று 1960-ல் ராபர்ட் கிரேன் சொன்னார். காலரா நோயாளியிடமும் இந்தக் கதவு வேலை செய்கிறது. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்து குடிக்கக் கொடுத்தால் தண்ணீரும் கூடவே உள்ளே போய்விடும். டாக்காவிலும் கல்கத்தாவிலும் 1960-களில் இது சோதிக்கப்பட்டது.

1971-ல் வங்கதேசப் போர். லட்சக்கணக்கில் அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். பாங்கான் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த டாக்டர் திலீப் மகலனோபிஸ் ஒரு முடிவு எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதைக் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். அதுவரை நூற்றுக்கு 30 பேர் போல இறந்துகொண்டிருந்த இடத்தில், அவர் பார்த்த நோயாளிகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 3.6 பேர்தான். இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் அளவு கொஞ்சம் மாறியிருந்தாலும் தத்துவம் அதுவே. மகலனோபிஸ் 2022-ல் மறைந்தார். 2023-ல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இயற்பியல், வேதியியல் படிக்கிற தம்பிகளே, உங்கள் பாடத்தில் வரும் சவ்வூடு பரவல்தான் இங்கே உயிர் காத்தது. துறைகளுக்கு நடுவே சுவர் கட்டினவர்கள் நாம்தான்.

சென்னையில் தோன்றிய புதுமுகம்

இனி நம் ஊர்க்கதை. காலராக் கிருமியின் வெளிப்புறத்தில் ஓ ஆன்டிஜென் என்றொரு மேலுறை உண்டு. அதை வைத்து ஓ-1, ஓ-2 என்று எண் கொடுத்திருந்தார்கள். 1992 வரைக்கும் 138 வகைகள் கணக்கில் இருந்தன. ஆனால் கொள்ளை நோயை உண்டாக்கக் கூடியது ஓ-1 ஒன்றுதான் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட பாடம். எகிப்தின் எல் டோர் நிலையத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடையாளம் காணப்பட்டு, 1961-ல் இந்தோனேஷியாவிலிருந்து கிளம்பி, 1964-ல் இந்தியாவுக்கு வந்த எல் டோர் வகையும் ஓ-1-தான். ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடின் மேல் ஓ-1 ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட வேண்டும். கிருமி திரிதிரியாகக் கட்டினால் காலரா. கட்டாவிட்டால் "நான் ஓ-1" என்று எழுதி ஒதுக்கிவிடலாம். இதுதான் அன்றைய நடைமுறை.

1992 அக்டோபர் வாக்கில் சென்னையில் காலரா மாதிரியே ஒரு நோய் கிளம்பியது. அதே கழுநீர் வயிற்றுப்போக்கு. ஆனால் கிருமி ஓ-1 ஆன்டிசீரத்தில் கட்டவில்லை! இருந்த 138 வகைகளில் எதற்கும் பொருந்தவில்லை. அதற்குப் புதிதாக ஓ-139 என்று எண் கொடுக்க வேண்டியதாயிற்று. வங்காள விரிகுடாக் கரையோரமாகவே பரவியதால் 'பெங்கால்' என்றும் பெயர். 1993-க்குள் கல்கத்தா, வங்கதேசம் என்று வேகமாகப் போனது. வழக்கமாகக் காலரா உள்ள ஊர்களில் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும். பெரியவர்களுக்குப் பழைய எதிர்ப்புச் சக்தி இருக்கும். இந்தத் தடவை பெரியவர்களும் நிறையப் பேர் விழுந்தார்கள். நச்சு பழையது, மேலுறை மட்டும் புதியது. பழைய திருடன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் காவல்காரனுக்கு அடையாளம் தெரியாது, இல்லையா? எதிர்ப்புச் சக்தி என்பது குறிப்பிட்ட அடையாளத்துக்கு எதிரானது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் விளக்காது.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். ஸ்லைடு என்ன சொன்னது? "இது கொள்ளை நோய்க் காலரா இல்லை." நோயாளி என்ன சொன்னார்? "இது காலராதான்." புத்தகத்தை மட்டும் நம்பியிருந்தால் ஒரு கொள்ளை நோயையே கோட்டை விட்டிருப்போம். விதி தப்பு என்று இல்லை. அதுவரை பார்த்ததை வைத்து எழுதிய விதி அது. புதிதாக ஒன்றைப் பார்த்தால் விதியைத் திருத்த வேண்டும். பின்னாளில் ஓ-139 பின்வாங்கி, ஓ-1 எல் டோர் மறுபடியும் முன்னுக்கு வந்துவிட்டது.

குளத்தில் வாழ்கிறவன்

சரி, கொள்ளை நோய் இல்லாத காலங்களில் இந்தக் கிருமி எங்கே போகிறது? எங்கேயும் போவதில்லை. உப்பங்கழியிலும் கழிமுகத்திலும் இயல்பாக வாழ்கிறது; தண்ணீரில் மிதக்கும் கோப்பிபாட் என்ற நுண்ணிய உயிரிகளின் உடம்பில் ஒட்டிக் கொள்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கோல்வெல் குழுவினர் வங்கதேசக் கிராமங்களில், பழைய புடவையை நான்காக மடித்துத் தண்ணீர் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒட்டியிருக்கும் மிதவை உயிர்கள் புடவையில் சிக்கிக் கொள்ளும். அந்தக் கிராமங்களில் காலரா 48 சதவிகிதம் குறைந்தது என்று 2003-ல் வெளியிட்டார்கள்.

இன்னும் ஒரு ஆச்சரியம். நச்சைச் செய்யும் மரபணு காலராக் கிருமிக்குச் சொந்தமானதே அல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டு வந்து சேர்த்தது என்று வால்டார், மெகலானோஸ் இருவரும் 1996-ல் காட்டினார்கள். சாதுவான கிருமிக்கு ஆயுதம் கொடுத்தது இன்னொரு நுண்ணுயிர். ஆகவே நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று கோடு போட்டுப் பிரிப்பது அவ்வளவு சுலபமல்ல.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

கன்ட்ரோல், தூய வளர்ப்பு, காக்கின் கோட்பாடுகள், நோய் தாங்கி, ஓம்புயிரி, நச்சு, ஆன்டிஜென், எதிர்ப்புச் சக்தி, சூழலியல். உங்கள் பாடத்திட்டத்தில் பல அலகுகளில் சிதறிக் கிடக்கிற இத்தனையும் ஒரே நோயின் கதையில் வந்துவிட்டன. இனி எந்த வரையறையைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வந்தது? இதை எதிர்த்தவர் யார், அவர் கட்சியில் நியாயம் இருந்ததா? எது நடந்தால் இது பொய்யாகும்? வகுப்பில் இதை எழுந்து கேளுங்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார், உள்ளூரச் சந்தோஷப்படுவார்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்களில் மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலும், குடிநீர் வாரியத்திலும், பால் பண்ணையிலும், மருந்துக் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். புத்தகத்தில் எழுதியிருப்பதும் உங்கள் தட்டில் வளர்ந்திருப்பதும் ஒத்துப்போகாத நாள் உங்களுக்கும் வந்திருக்கும். அடுத்த முறை கல்லூரிக்கு வரும்போது பொன்னாடையோடு திரும்பிவிடாமல், ஒரு மணி நேரம் மாணவர்களோடு உட்கார்ந்து அந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள். ஓ-139 மாதிரி அடுத்த புதுமுகம் எந்த ஊரில், எந்த ஸ்லைடில் தலைகாட்டும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அந்த ஸ்லைடைப் பார்க்கப் போகிறவர் இப்போது நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக் கொண்டிருக்கலாம். "நெகட்டிவ்" என்று எழுதி மூடிவிடாமல், நோயாளியையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறவராக அவர் வளரட்டும்.

வளர்க நம் கல்லூரி. வாழ்க மாணவச் செல்வங்கள்.